பெட் ஸ்கேன்: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சை வசதிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, உடலில் செலுத்திய கதிரியக்கப் பொருள் சேரும் இடங்களைப் படமெடுத்துப் புற்றுநோயைத் தேடும் பெட்-சிடி ஸ்கேன் கருவிகள் பெருகிவருவதை மகிழ்ச்சியோடு குறிப்பிட்டிருந்தது. அணு மருத்துவத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கும் அந்த மகிழ்ச்சி உண்டு. ஆயினும், நான் பணியாற்றிய இடங்களில், எடுத்த ஸ்கேனால் நோயாளியின் சிகிச்சை மாறியதா, மாறவில்லையா என்று யாரும் எழுதிவைத்ததில்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது. இந்தக் குறையை நானும் சரிசெய்ய முயலவில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இதே கேள்வியை அத்துறை மருத்துவர்களே எடுத்துக்கொண்டு விடை கண்டார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், 1998 முதல் நுரையீரல் கட்டி போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே பெட் ஸ்கேன் கட்டணத்தை ஏற்றுவந்தது. மற்றப் பல புற்றுநோய்களுக்குப் போதிய சான்று இல்லை என்பது அதன் வாதம். அதைக் குறைசொல்லிக்கொண்டிருக்காமல், அணு மருத்துவ, கதிரியக்க மருத்துவ அமைப்புகள் முன்னின்று 2006-இல் தேசியப் புற்றுநோய் பெட் பதிவேடு ஒன்றைத் தொடங்கின. அதன் நடைமுறை மிக எளியது. சிகிச்சையளிக்கும் மருத்துவர் ஸ்கேனுக்கு முன்பு தமது திட்டம் என்ன என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். ஸ்கேன் முடிவைப் பார்த்தபின் திட்டம் என்ன என்று இன்னொரு படிவத்தில் எழுத வேண்டும். இரண்டும் வந்து சேர்ந்தால்தான் மெடிகேர் பணம் தரும். முதல் ஓராண்டில் சேர்ந்த ஏறத்தாழ 23,000 ஸ்கேன்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 36-க்கும் மேற்பட்டவற்றில், சிகிச்சை கொடுப்பதா வேண்டாமா என்ற அடிப்படை முடிவே மாறியிருந்தது. இந்த முடிவு 2008-இல் வெளியாயிற்று. மறு ஆண்டே மெடிகேர் தன் வரம்பை விரித்தது. மருத்துவரின் எண்ணம் மாறியதைத்தான் அந்தப் பதிவேடு காட்டியது, நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்தார் என்பதை அல்ல என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும், அன்றாடப் பணிக்கு நடுவிலேயே இவ்வளவு தரவைத் திரட்ட முடியும் என்பதை அது நிறுவிவிட்டது.

வாழ்நாள் பற்றிய கேள்விக்குப் பிரிட்டனில் நடந்த பெட்-நெக் ஆய்வு ஒரு துறையிலேனும் விடை தந்தது. வாய், தொண்டைப் புற்றுநோய்கள் மிகுந்த நம் நாட்டினர் அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இது. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியவர்களுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்த பிறகு, கழுத்தைத் திறந்து கணுக்களை அகற்றும் அறுவையும் அங்கே வழக்கமாக இருந்தது. 564 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அந்த வழக்கத்தையும், மறு பிரிவுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து பெட்-சிடி எடுத்து, நோய் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தாலோ ஐயம் இருந்தாலோ மட்டும் அறுவை என்ற முறையையும் பின்பற்றினார்கள். முதல் பிரிவில் 221 அறுவைகள், இரண்டாம் பிரிவில் 54. ஈராண்டு கழித்து உயிரோடு இருந்தோரின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தோள் தூக்க முடியாமல், கழுத்து இறுகிப்போய் வரும் நோயாளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தவிர்க்கப்பட்ட ஓர் அறுவையின் அருமை.

இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ள முடியாது என்பதே நமக்கென்று தனிக் கணக்கு தேவைப்படுவதற்குக் காரணம். ஸ்கேனில் செலுத்தப்படும் எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃபுளோரின் ஏற்றிய சர்க்கரை. அதைப் புற்றணுக்கள் மட்டும் விழுங்குவதில்லை, காசநோயால் வீங்கிய கணுவும் விழுங்கும். நுரையீரல் புற்று என்று வந்தவரின் நெஞ்சுக் கணு ஒன்று ஒளிர்ந்தால், அதை நோய்ப் பரவல் என்று எண்ணி அறுவையைக் கைவிடுவதா, திசு ஆய்வு செய்து உறுதிப்படுத்துவதா என்ற கேள்வி காசநோய் அருகிப்போன நாடுகளைவிட இங்கே மிக அடிக்கடி எழும். நிணநீர்ப் புற்றுநோய்க்கு உலகெங்கும் பின்பற்றப்படும் டூவீல் ஐந்து புள்ளி அளவுகோல், கல்லீரலோடும் நெஞ்சின் இரத்தக் குழாய்களோடும் ஒப்பிட்டு ஒளிர்வை மதிப்பிடச் சொல்கிறது. அதைக் குறிப்பிடாத ரிப்போர்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் அன்று நோயாளியின் சர்க்கரை அளவு என்ன, ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்துப் படமெடுத்தார்கள் என்பவை எழுதப்படாவிட்டால், மூன்று மாதம் கழித்து வேறு ஊரில் எடுக்கும் படத்தோடு எப்படி ஒப்பிடுவது?

தேவையற்ற ஸ்கேன்களைத் தடுப்பதும் இந்தப் பணியின் ஒரு பகுதியே. தொந்தரவு ஏதுமின்றி நலமாக இருப்பவருக்கு, வலுவான சான்று இல்லாத நிலையில், நோய் திரும்பியதா என்று பார்க்க வழக்கமாக பெட் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2013-இல் கேட்டுக்கொண்டது.

நம் அணு மருத்துவ வல்லுநர்களையும், 2012 முதல் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைத்துவரும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பையும் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன். காசநோய் ஐயம், திசு ஆய்வின் முடிவு ஆகிய இரண்டையும் சேர்த்து, ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் நிரப்பும் ஒரு பக்கப் படிவம் போதும். அரசுக் காப்பீட்டில் நடக்கும் ஸ்கேன்களில் இதைத் தொடங்கலாம். படிவம் வந்தபின் கட்டணம் என்ற விதியையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணு மருத்துவர் ஒருவர்,
மதுரை.