எனக்காகப் பேர் கொடுத்தவர்களுக்கு

மூணாற்று மக்களுக்கும், கொச்சியிலும் அரீக்கோட்டிலும் கொல்கத்தாவிலும் என்னைத் தாங்கிக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதத்தோடு ஃபுட்பால் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். 2009-ல் 19 வயதில் தேயிலை எஸ்டேட்டை விட்டு மலையிறங்கியவன், 35 வயதில் திரும்பி வந்திருக்கிறேன். இத்தனை வருடமும் முன்னால் நின்று கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர்தான். மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபிக்கான கேரள முகாமுக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் கடைசிப் பட்டியலில் பேர் இல்லை. கொச்சியில் ஒரு டிபார்ட்மென்ட் டீம், ஐ-லீக் இரண்டாம் டிவிஷன், கொல்கத்தா லீக் என்று ஓடியது என் காலம். பந்தை வைத்தே சாப்பிட்டேன், கல்யாணம் செய்தேன், போடியில் நாலு சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டினேன். இதில் என் காலால் ஆனது எவ்வளவு, மற்றவர்கள் கையால் ஆனது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எங்கள் பி.டி. சார். பேர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூணாற்றில் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே. ஜூன் பிறந்தால் மழை, மழை விட்டால் மேகம் இறங்கிவிடும். பத்தடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாது. அந்த நேரத்திலும் சார் பிராக்டிஸை நிறுத்த மாட்டார். "பந்தைப் பாக்காதடா, அது கடைசியாத்தான் தெரியும். ஓரத்துல இருந்து கிராஸ் அடிக்கிறவனோட ஊன்றுகாலைப் பாரு. அது எங்க திரும்பி நிக்குதோ அங்கதான் பந்து வரும். பந்து வர்றதுக்கு முந்தி நீ போயிரு" என்பார். பன்னிரண்டு வயதில் கேட்டது. 35 வயது வரை நான் அடித்த கோல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பாடத்தில் வந்தவை. சார், பின்னாளில் லைசென்ஸ் வைத்த கோச்சுகள் பலரிடம் ஆடிவிட்டேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஃபின்லே ஷீல்டு பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1941-ல் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கிய போட்டி, எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதுவது. கொழுந்து எடுப்பவர், ஃபேக்டரியில் வேலை செய்பவர், டிரைவர் என்று தோட்டத்து ஆட்களே ஆடுவார்கள். என் தாத்தா வெறுங்காலோடு ஆடியவர். ஃபைனல் அன்று பழைய மூணாறு மைதானத்துக்கு லாரியிலும் ஜீப்பிலும் ஜனம் வந்து இறங்கும். கொல்கத்தாவில் பெரிய கூட்டத்தின் முன்னால் ஆடியிருக்கிறேன். ஆனால் நெஞ்சு படபடத்தது 2008-ல் இந்த மைதானத்தில்தான். செமி ஃபைனலில் இரண்டு கோல் அடித்தேன். ஃபைனலில் தோற்றோம். கொச்சியிலிருந்து வந்திருந்த ஒருவர் செமியைப் பார்த்துவிட்டு, ட்ரையல்ஸுக்கு வரச்சொல்லி நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த செமியில் நான் போட்டிருந்தது பூட் இல்லை, கேன்வாஸ் ஷூ. எங்கள் ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணன் பழைய கன்வேயர் பெல்ட்டை ஒரு ரூபாய் அளவு வட்டம் வட்டமாக வெட்டி, இரண்டு வட்டத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, ஷூவின் அடியில் ஆணியால் அடித்துக் கொடுத்தார். ஒரு காலுக்கு ஆறு. உள்பக்கம் ஆணிமுனை காலில் குத்தாமல் இருக்க, சைக்கிள் டியூபை வெட்டிப் பாதம் முழுக்கப் பரப்பி ஒட்டியிருந்தார். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை அது. ஃபேக்டரி சூடும் டீத்தூள் வாசனையும் அந்த ஷூவில் கடைசி வரை இருந்தன. அண்ணே, அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனி பூட் போட்டுவிட்டேன். சகதியில் உங்கள் ஷூ பிடித்த பிடி எதிலும் கிடைக்கவில்லை.

கொச்சிக்குப் போக ஒரு நல்ல பூட்டும் பஸ் காசும் வேண்டும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சீட்டு போட்டு வந்தார்கள். அந்த மாத முறை பக்கத்து வீட்டுச் சித்திக்கு. மகள் சடங்குக்கு என்று எடுத்து வைத்த முறை. அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். சடங்கு மூன்று மாதம் தள்ளிப் போனது. சித்தி, அந்தப் பாப்பாவின் கல்யாணத்துக்கு நான் வந்து செய்ததை ஊரே பேசியது. நீங்கள் கொடுத்தபோது யாருக்கும் தெரியாது. இப்போது தெரியட்டும்.

கொச்சியில் முதல் வருடம் மலையாளம் வராமல் தவித்தேன். தமிழன் என்று இளப்பமாகப் 'பாண்டி' என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அதைப் பெரிதாக்க இந்த மடல் இல்லை. அரீக்கோட்டுக்காரன் ஒருவன் என் ரூம்மேட். மலப்புறம் மாவட்டத்தில் அரீக்கோடு என்றால் ஃபுட்பால்தான், பிள்ளைகள் நடக்கும் முன்னால் உதைப்பார்கள் என்று சொல்லக்கூடிய ஊர். ஐ.எம். விஜயன் திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையனாக இருந்து இந்தியாவுக்கு ஆடிய கதையையும், 1999-ல் பூட்டானுக்கு எதிராக 12 வினாடியில் கோல் போட்டதையும் அவன்தான் ராத்திரி ராத்திரியாகச் சொல்வான். சொல்லிச் சொல்லியே எனக்கு மலையாளம் வந்தது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியது. எல்லை வழிகள் அடைபட்டன. இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தேனிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த செய்தி ஒவ்வொரு மணிக்கும் வந்தது. அம்மாவும் அக்காவும் லயத்தில், நான் கொச்சியில். ஹாஸ்டலை விட்டு வெளியே போகவே தயங்கினேன். ரூம்மேட்டின் உம்மா, அவன் அம்மா, போன் போட்டார். "மோனே, நீ இங்ஙோட்டு போரூ" என்றார், மகனே நீ இங்கே வந்துவிடு என்று, அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு சாயங்காலம் வாசலில் நின்ற யாரோ என்னைப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார்கள். உம்மா பத்திரி சுட்டுக்கொண்டிருந்தவர், திரும்பாமலே "என்டெ மோன்", என் மகன், என்றார். உம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவன் படித்துக் காட்டுவான். உம்மா, நான் இன்னும் உங்கள் மோன்தான்.

2013-ல் நான் ஆடிய கிளப் மூன்று மாதச் சம்பளம் தரவில்லை. எந்தக் கிளப் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்பதால் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், ஆடப் போனேன். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று அன்றன்றைக்குக் கையில் காசு. அறுப்பு முடிந்து காய்ந்த வயல், கமுகு மரத்தில் கட்டிய கேலரி, தரை கல்லாக இருந்தது. ஹெட்டருக்கு எழும்பி இறங்கியபோது இடது முட்டி உள்பக்கம் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம், கேலரியில் இருந்தவர்களுக்கே கேட்டதாம். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல் லிகமென்ட் அறுந்துபோயிருந்தது.

மதுரையில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத்துத் தசைநாரை எடுத்து முட்டிக்குள் புது லிகமென்டாக வைத்தார்கள். தன் ஃபீஸை வாங்காமல் கருவிச் செலவுக்கு மட்டும் பில் போட்ட டாக்டருக்கும், ஒன்பது மாதம் தேனியில் எனக்கு நடக்கவும் ஓடவும் திரும்பக் கற்றுக்கொடுத்த பிசியோ அம்மாவுக்கும் நன்றி. ஆறாவது மாதமே ஓடுகிறேன் என்று அடம்பிடித்தவனைத் திட்டி உட்கார வைத்தீர்கள். அன்று கேட்டதால்தான் இன்னும் பதினோரு வருடம் ஆடினேன்.

ஆனால் மதுரை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஜீப் அண்ணன்தான். ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது போடிமெட்டு ஏற வேண்டும், 17 கொண்டை ஊசி வளைவு. காலை நீட்டிப் பிரேஸ் போட்டுப் பின்சீட்டில் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அண்ணன் வண்டியை அநேகமாக நிறுத்தியே விடுவார். "தம்பி, இடது பக்கம் சாயப்போவுது, பிடிச்சுக்க" என்று சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்குக் கையை மட்டும் காட்டினார். பதினேழு தடவை சொன்னார், பதினேழு தடவையும் என் பதிலுக்குக் காத்திருந்தார். வாடகை வாங்கவில்லை. "கோல் அடிச்சா போன் பண்ணு" என்றார்.

அண்ணே, 2015 ஆகஸ்டில் கொல்கத்தாவிலிருந்து உங்களுக்குத்தான் முதல் போன். மைதான் முழுக்கச் சேறு. 1898-லிருந்து நடக்கும் லீக், மழைக்கும் நிற்காது. வலது விங்கில் ஓடிய பையனின் இடது கால் முதல் போஸ்ட்டைப் பார்த்துத் திரும்பியதைக் கண்டேன். டிஃபெண்டர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதற்குள் போயிருந்தேன். புது முட்டியில் அழுத்தி நின்று காலின் உள்பக்கத்தால் திருப்பினேன், அவ்வளவுதான். கரண்டைக்கால் வரை சேற்றில் நின்று அழுதேன். மெஸ்ஸில் மீனும் சோறும் போட்டு, எனக்காக மட்டும் ரசத்துக்குப் புளி தேடிக் கொண்டுவந்த வங்காளத்து மாஷிமாவுக்கும் இந்த இடத்தில் என் வணக்கம்.

என் மனைவிக்கு நன்றியைக் கடிதத்தில் சொன்னால் கோபப்படுவாள். 2017-ல் கல்யாணம். எர்ணாகுளத்தில் நர்ஸ். 2019-ல் மகள் பிறந்தபோது நான் ரயிலில் இருந்தேன், வந்து சேர இரண்டு நாள் ஆனது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். நைட் டியூட்டி முடிந்து வந்து, பிள்ளையையும் பார்த்து, என் முட்டிக்கு ஐஸும் வைத்தவள்.

இனி அக்காவுக்கு.

தோட்டத்து வீடு வேலைக்குத்தான் சொந்தம், ஆளுக்கு இல்லை. குடும்பத்தில் ஒருவர் பேர் எஸ்டேட் கணக்கில் இருக்கும் வரைக்கும்தான் லயம். அப்பா நாங்கள் சிறுவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். 2009-ல் அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போய், கொழுந்துச் சாக்கைச் சுமக்க முடியாமல் வேலையை விட்டார். ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், யாராவது பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. எனக்குக் கொச்சியிலிருந்து வரச்சொல்லிப் போன் வந்தது அதே வாரம். அக்காவுக்கு மதுரையில் நர்சிங் சீட் கிடைத்து அட்வான்ஸும் கட்டியாகிவிட்டது. முறைப்படி பார்த்தால் ஆம்பளைப் பிள்ளை நான் பேர் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கிறேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அக்காவைக் காணவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு இருட்டோடு போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். இடுப்பில் கட்டும் சாக்கும் மழைக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டும் கையில் இருந்தன. "ரெண்டு வருஷம்டா. நீ நிலைச்சதும் நான் போயிருவேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றாள்.

பதினாறு வருடம் ஆகிறது, அக்கா.

2015 செப்டம்பரில் போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்துத் தோட்டத்துப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டே விடாமல் தாங்களே ஒன்பது நாள் நடத்திய போராட்டம், பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை என்று பேர். தினக்கூலி அப்போது 232 ரூபாய். என் கோல் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொல்கத்தா ரூமில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். முதல் வரிசையில் நீ, தொண்டை கட்டிக் கத்திக்கொண்டிருந்தாய். அந்த மாதம் எனக்கு வந்த சம்பளம் உன் அரை வருடக் கூலி. 20 சதவீத போனஸை வாங்கிக்கொண்டுதான் எழுந்தீர்கள். பின்னாலேயே கூலியும் 301 ஆனது. நான் போன் போட்டபோது நீ அதைப் பேசவில்லை. முட்டி வலிக்கிறதா என்றுதான் கேட்டாய்.

என் மனைவி ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுடைய நர்ஸ் யூனிஃபார்மை நீதான் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாய். காலரை முதலில், பிறகு கையை, பிறகு பாக்கெட்டைச் சுற்றி, மடிப்பு விழாமல். உன் விரலில் கொழுந்துக் கறை ஏறியிருக்கும். அந்தக் கறை துணியில் படாமல் இருக்க விரலில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிக்கொள்வாய். அந்த நேரத்தில் நான் அந்த அறையில் இருக்க மாட்டேன், அக்கா. ஏன் என்று உனக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை நீ.

போடி வீட்டுப் பத்திரம் உன் பேரில் இருக்கிறது. போன வாரம் பதிவு செய்துவிட்டேன். கோபித்துக்கொள்வாய் என்றுதான் ஊருக்கெல்லாம் தெரிய இங்கே எழுதுகிறேன். இனி லயத்துக்காக யாரும் பேர் கொடுக்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய மூணாறு மைதானத்தில், 2008 டீம் ஆட்களும் இப்போது சாரிடம் கற்கும் பையன்களும் எனக்காக ஒரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு. ஃபிட்டர் அண்ணன், சித்தி, ஜீப் அண்ணன் எல்லோரும் வருகிறார்கள். அரீக்கோட்டிலிருந்து உம்மா சனிக்கிழமையே வந்துவிடுவார்.

அக்கா, நீ என் ஆட்டத்தைக் கடைசியாகப் பார்த்தது 2008 ஃபைனலில். அதற்கப்புறம் எல்லா ஆட்டமும் உனக்கு வேலை நாளில்தான் இருந்தது. இது ஞாயிற்றுக்கிழமை. பந்தல் ஓரமாக முதல் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். மழை வந்தால் அந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வா.

உன் தம்பி