முதல் தவணைச் செய்திகளும் வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் பற்றிய வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர், பாதுகாவலர் அனைவருக்கும் வணக்கம்.

தவணை விடுமுறை நெருங்கிவிட்டது. இந்தத் தவணையில் நம் பிள்ளைகள் படிப்பிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். குறுக்கோட்டப் போட்டி மழைக்குத் தப்பி நடந்து முடிந்தது. திருக்குறள் மனனப் போட்டியில் நம் பள்ளியின் பெயர் கேட்டது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசலில் அழுவதை நிறுத்திவிட்டார்கள். ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் நன்றி.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள்.

இவ்வாண்டு தைப்பூசம் முடிந்த கையோடு சீனப் புத்தாண்டும் நோன்பும் அடுத்தடுத்து வந்தன. அந்த நாள்களில் நம் வகுப்புப் புலனக் குழு ஒன்றில் ஒரு சிறு காணொளி பகிரப்பட்டது. யாரோ ஒரு கோயிலை இடிக்கிறார்கள். கீழே “நம்ம பினாங்குலதான்” என்று ஒரு வரி. அதில் தெரியும் லாரியின் எண் பலகை நம் நாட்டுடையது அல்ல. பின்னாலிருக்கும் கடைப் பலகைகளில் மலாய்ச் சொல் ஒன்றுகூட இல்லை. இதைக் கவனிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இரவு பத்து மணிக்குள் பேச்சு ஒரு சமயத்தாரையே மொத்தமாகச் சாடும் அளவுக்குப் போய்விட்டது. குழுவில் இருந்த இஸ்லாமியப் பெற்றோர் ஒரு வார்த்தையும் எழுதாமல் விலகிக்கொண்டார்கள். மறுநாள் ஓய்வு வேளையில் அவர்களுடைய பிள்ளையின் பக்கத்தில் உட்கார மூன்று பேர் மறுத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், முந்தைய இரவு பெரியவர்கள் எழுதிய வாசகம், எழுத்துப் பிசகாமல்.

“மூவரையும் சபைகூடலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்திருக்கலாமே” என்று சிலர் கேட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்டார்கள். ஆனால் அப்படிச் செய்தால், மூவரும் அவமானத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்குக் காரணம் அந்தப் பிள்ளைதான் என்றும் எண்ணிக்கொள்வார்கள். பள்ளி செய்தது வேறு. அன்றே வழிகாட்டி ஆசிரியர் நால்வரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினார், புண்பட்ட பிள்ளையை முதலில். என்ன நடந்தது, அப்போது மனத்தில் என்ன ஓடியது, யாருக்கு வலித்திருக்கும், இதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும் என்பவைதான் கேள்விகள். “ஏன் அப்படிச் செய்தாய்” என்று கேட்பதில்லை. கேட்டால் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள வீட்டில் கேட்டதையெல்லாம் ஒப்பிக்கத் தொடங்கிவிடும். அதன் பிறகே நேருக்கு நேர் உட்காரவைப்பது, அதுவும் புண்பட்ட பிள்ளை சம்மதித்தால் மட்டும், ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும். மூவர் எதிரில் ஒருவரை உட்காரவைத்துச் சமாதானம் பேசினால் அது விசாரணை போலாகிவிடும். ஒரு வாரம் கழித்து மறுபடி பேசினோம். இன்னும் இரண்டு வாரம் கழித்தும் பேசுவோம், ஏனென்றால் முதல் வாரத்தில் ஆசிரியர் கண்ணுக்கு எதிரே எல்லாரும் மரியாதையாகத்தான் இருப்பார்கள்.

அந்த வகுப்பில் அறிவியல் பாடத்தை இப்போது ஜிக்சா முறையில் நடத்துகிறோம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானியப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது எழுந்த பகையைத் தணிக்க, 1971இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. ஐந்தாறு பேர் கொண்ட குழு. பாடத்தை அத்தனை துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. தன் துண்டை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குக் கற்பித்தால்தான் பாடம் முழுமையாகும், ஆகவே யாரையும் ஒதுக்க வழியில்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டால் இந்த முறை படுத்துவிடும். அதற்காகத்தான் ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் தனியே கூடித் தயாராகிறார்கள். தயங்கும் பிள்ளைக்கும் அப்போது சொல்லச் சரக்கு கிடைக்கிறது. சிறுபான்மைப் பிள்ளையை எழுப்பி “உங்கள் சமயத்தைப் பற்றிச் சொல்” என்று கேட்க வேண்டாமென ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை ஒரு சமயத்துக்கே பிரதிநிதியாக நிற்க வேண்டியதில்லை.

உணவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் பிரசாதத்தை வகுப்பில் பகிரப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். இஸ்லாமியப் பிள்ளைகளும் சில கிறிஸ்துவப் பிள்ளைகளும் அதை வாங்க முடியாது. மறுத்தால் கொடுத்த பிள்ளைக்கு முகம் வாடுகிறது. பிறந்தநாளுக்கு மிட்டாய் அனுப்புவோர் ஹலால் முத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. ஹலால் முத்திரை பெற்ற மெல்லும் மிட்டாயிலும் மார்ஷ்மெல்லோவிலும் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம், அது நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆகாது. பொட்டலத்தின் பின்புறம் படியுங்கள். கடற்பாசியில் செய்யும் அகார்-அகார் பலகாரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நோன்பு மாதத்தில் சிற்றுண்டிச்சாலை வழக்கம்போல் திறந்திருக்கும், யாரும் ஒளிந்து சாப்பிட வேண்டியதில்லை. நோன்பிருக்கும் பிள்ளைகள் விரும்பினால் நூலகத்தில் இருக்கலாம். யாரையும் அங்கே அனுப்பிவைப்பதில்லை.

இப்போது புலனக் குழு. வகுப்புக் குழு வீட்டுப்பாடம், கட்டணம், விடுமுறை அறிவிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே. எந்தச் சமயத்தைப் பற்றியும், ஆதரவாகவோ எதிராகவோ, எந்தக் காணொளியும் குரல்பதிவும் படமும் அதில் வரக்கூடாது. “தகவலுக்காகத்தான் அனுப்பினேன்” என்பதை ஏற்க மாட்டேன். இனி அப்படி வந்தால் குழு நிர்வாகி அதை எல்லாருக்கும் நீக்குவார், நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றுவார், அனுப்பியவர் என்னை வந்து பார்க்க வேண்டியிருக்கும். பிறரைப் புண்படுத்தும் நோக்கில் பொய்யான, மிரட்டலான செய்திகளை இணையவழி அனுப்புவதைக் குற்றமாக்கும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு நம் எல்லாருக்கும் பொருந்தும். தான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பது அங்கே பெரிய தற்காப்பு ஆகாது. 1998 மார்ச்சில் இதே பினாங்கில், கம்போங் ராவாவில், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே எழுந்த விவகாரம் மோதலாகி எந்த அளவுக்குப் போனது என்பதை வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேளுங்கள். அன்று புலனம் இல்லாமலேயே ஆட்கள் திரண்டார்கள்.

உங்கள் சொந்தக் கைப்பேசிக்கு வருவதை நான் கட்டுப்படுத்த முடியாது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எண் பலகை, சீருடை, கடைப் பலகை மூன்றையும் பாருங்கள். காணொளியை நிறுத்தி ஒரு காட்சியைப் படமெடுத்துக் கூகல் லென்ஸில் தேடினால், பழையது பெரும்பாலும் சிக்கிவிடும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும், பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க உதவும் செபெனார்ஞா தளத்திலும் பார்க்கலாம். உண்மையென்றே தெரிந்தாலும் பிள்ளை எதிரில் சத்தமாக ஓடவிட வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்து கேட்டால், “அதைச் செய்தவர்கள் சிலர், உன் வகுப்பு நண்பன் அவர்களில் இல்லை” என்று சொல்லுங்கள். அந்த வயதுக்கு அதுவே புரியும்.

அடுத்த தவணையில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஜார்ஜ்டவுனில் ஒரு நடைப்பயணத்துக்கு அழைத்துப் போகிறோம். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, குவான் இன் சீனக் கோயில், லெபோ குவீன் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயில் வழியாகக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரை. மொத்தமே ஒரு கிலோமீட்டருக்குள். மாரியம்மன் கோயிலையும் பள்ளிவாசலையும் கட்டி வளர்த்ததில் தமிழ் பேசியவர்களின் பங்கு பெரிது என்பதைப் பிள்ளைகள் அங்கேயே நின்று தெரிந்துகொள்ளட்டும். இது பார்வையிடும் பயணம், வழிபாடு இல்லை. விபூதி பூசுவதோ ஊதுபத்தி ஏற்றுவதோ கிடையாது, தொழுகை நேரத்தில் உள்ளே போவதில்லை, வெள்ளிக்கிழமை போவதில்லை. முழங்கால் மறைக்கும் உடை, எளிதில் கழற்றும் காலணி. பிற சமயப் போதனைக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. இது போதனை இல்லை, ஆனாலும் ஒப்புதல் வாங்கியே அழைத்துச் செல்வோம். வர விருப்பமில்லாத பிள்ளையிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

குழுவை விட்டு விலகிய குடும்பத்தை அவர்கள் வீட்டுக்கே தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்த பெற்றோர் இருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. தன் பதிவைத் தானே நீக்கிவிட்டு என்னிடம் வந்து பேசிய பெற்றோருக்கும் நன்றி. எளிதான காரியமில்லை அது. நோன்புப் பெருநாளையும் புனித வெள்ளி, ஈஸ்டரையும் கொண்டாடவிருக்கும் குடும்பங்களுக்குப் பள்ளியின் வாழ்த்துகள்.

நடைப்பயண ஒப்புதல் படிவமும் புலனக் குழு விதிகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் கையொப்பமிட்டு, விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.

இக்கண்,
தலைமையாசிரியர்