ஆர்டிஇ சேர்க்கை: ஆவணங்களில் கோட்டை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்களுக்குக் குலுக்கலில் தேர்வாகியும், மும்பை தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சான்றிதழ் சரிபார்ப்பில் இடத்தை இழக்கிறார்கள். வேதனையாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் சொந்த ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மகாராஷ்டிர அரசு தந்ததே வேண்டும். அது இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குள் என்ற தாசில்தார் சான்றிதழோடு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். வாடகைக்குக் குடியிருப்போர் நோட்டரி ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம், பதிவு செய்ததை வையுங்கள்.

இன்னொன்று, ஆன்லைன் விண்ணப்பத்தில் வீடு இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடக் குறி. கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் கடை இருக்கும் இடத்தையே வீடு என்று குறித்துவிடுகிறார்கள். பள்ளிக்கான தூரம் அதிலிருந்துதான் கணக்காகிறது. பிறகு முகவரி ஒத்துப்போகாது. பக்கத்திலேயே நின்று சரிபாருங்கள்.

தமிழ் அமைப்புகள் தீபாவளி முடிந்ததுமே ஆவண முகாம் நடத்த வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் வருமானச் சான்றிதழ் நேரத்துக்குக் கைக்கு வராது.

– கல்வித் தன்னார்வலர்கள், தாராவி, மும்பை