ஸ்கேன் முடிந்ததும் வால்வைப் பார்க்கச் சொல், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அடுத்த வாரம் பெங்களூரிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்கிறேன் என்றாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூளையில் தேங்கும் நீரை வடிக்க உனக்குள் வைத்த குழாய்க்குத்தான் ஷன்ட் என்று பேர். உன் காதுக்குப் பின்னால் இருப்பது அந்தக் குழாயின் வால்வு; எந்த அழுத்தத்தில் நீர் வடிய வேண்டும் என்ற அளவை, தோலுக்கு மேலே காந்தம் வைத்து அதில் மாற்றுவார்கள். ஸ்கேன் மெஷினும் பெரிய காந்தம்தானே. சில மாடல்களில் அளவு நகர்ந்துவிடும், சிலவற்றில் நகராது. நாம் சோதித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே போகும் முன்பே ஷன்ட் இருக்கிறதென்று சொல்லி வால்வு கார்டைக் காட்டு. முடிந்ததும் நியூரோ சர்ஜன் அளவைச் சரிபார்த்த பிறகு வீட்டுக்குப் போனால் போதும். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடாதே.

"கேன்சர் இல்லாத கட்டிதானே, அதையும் எடுத்தாச்சு, இன்னும் எதுக்குப்பா இந்தக் குழாய்?" என்று கேட்டாயே, அது நியாயமான கேள்விதான். மூளைக்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் ஊறுகிறது. ஆனால் எந்த நேரத்திலும் அங்கே நிற்பது 150 மில்லி அளவுதான்; மீதி ரத்தத்தில் கலந்துவிட வேண்டும். உன் காது நரம்புக் கட்டி வளர்ந்து, மூளைக்குள் இந்த நீர் நிற்கிற அறைகளில் நாலாவதை நெருக்கியதில் அந்த நீருக்கு வழி அடைபட்டது. இந்த வகைக் கட்டி நீரில் புரதத்தையும் கூட்டிவிடுவதால் உறிஞ்சும் இடமும் மந்தமாகிவிடுமாம். கட்டியை எடுத்ததும் பலருக்கு இது தானாகச் சரியாகிறது. உனக்கு ஆகவில்லை, சாமி. அதில் உன் தப்பு எதுவும் இல்லை.

அந்த மாதிரி வால்வை டாக்டர் என் கையில் கொடுத்துக் காட்டியபோது, பம்ப் கம்பெனியில் காலமெல்லாம் நான் புரட்டிய ஃபுட் வால்வுதான் நினைவுக்கு வந்தது. போக விடும், திரும்ப விடாது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற மெக்கானிக், தலையில் நீர் கோத்துப் பிறந்த தன் மகனுக்காக இராப்பகலாக உட்கார்ந்து சிலிக்கோனில் இப்படி ஒன்றைச் செய்தார். 1956இல் அது நோயாளிகளுக்குப் பயன்பட ஆரம்பித்தது. அந்த மனுஷனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தலைவலி எல்லாருக்கும் வரும்தான். ஆனால் எழுந்திருக்கும்போதே மண்டை கனத்து, வாந்தி வந்து, பகலெல்லாம் தூக்கம் சொக்கினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ குழாய் அடைத்திருக்கலாம். உட்கார்ந்தால் வலித்துப் படுத்தால் விட்டால், நீர் அளவுக்கு மேல் வடிகிறதோ என்று பார்க்க வேண்டும். காய்ச்சலோடு குழாய் போகும் வழி சிவந்தாலும் தாமதிக்காதே. ஆபரேஷன் சமயத்தில் மீந்த டெக்சாமெத்தசோன் மாத்திரை உன் பையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. அது கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்குக் கொடுத்தது; தேங்கிய நீரை வடிக்காது.

இதில் எது வந்தாலும், நடுராத்திரி ஆனாலும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, அப்புறம் எங்களுக்கு போன் பண்ணு. அம்மா பயப்படுவாள் என்று மறைக்காதே. அவளுக்கு உன்னைவிடத் தைரியம் அதிகம்.

ஷன்ட் வைத்து நீ நன்றாக இருந்தபோது எடுத்த சி.டி. படத்தைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால்தான் மூளை அறை பெருத்திருக்கிறதா என்று அங்கே சரியாகச் சொல்ல முடியும். வந்து சேர்ந்ததும் ஒரு வரி மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா