14 அடி வள்ளம்: நம் மரவேலைச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், இன்று உடன் வந்திருக்கும் வீட்டாருக்கும் செயலாளரின் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பன்னிரண்டும் நடந்தன. ஐப்பசிக் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு முக்காலி செய்யும் வகுப்பு நடத்தினோம். கருவி இரவல் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. வாங்கிப்போன கிளாம்புகளில் (இறுக்குப்பிடிகளில்) இரண்டு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து தர வேண்டும்.

மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நாம் செய்தது ஒரே வேலை. போன பொதுக்குழுவில் நம் உறுப்பினரான அக்கா ஒருவர், "மூணு பக்கமும் கடல் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு நாற்காலியும் அலமாரியுமே செய்துகொண்டிருக்கிறோமே, ஒரு வள்ளம் செய்தால் என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில் இப்போது வாசலில் இரண்டு மரக்குதிரைகளின் (மரத் தாங்குகால்களின்) மேல் நிற்கிறது. அதை எப்படிச் செய்தோம், எங்கே தவறினோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். அடுத்து செய்யப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்பதுதான் காரணம்.

நம் கரையில் ஒரு காலத்தில் பெரிய மாமரத் தடியைக் குடைந்து வள்ளம் செய்தார்கள். பலா இனத்தைச் சேர்ந்த அயினிப் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, கயிற்றால் தைத்துக் கட்டுவள்ளமும் செய்தார்கள். ஆணி இல்லாத அந்த உடம்பு அலையில் நெளிந்து கொடுக்கும், மணலில் மோதினாலும் பிளக்காது. பெரிய தடிகள் கிடைப்பது அரிதானபோது, 1980-களில் நம் குமரி மாவட்டத்து முட்டத்தில் ப்ளைவுட் படகு கட்டத் தொடங்கினார்கள். இன்று கடற்கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான்.

நாம் தேர்ந்தெடுத்தது ப்ளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறை. 1962-இல் இங்கிலாந்தில் 'மிரர்' என்ற சிறிய பாய்ப்படகை இந்த முறையில் வடிவமைத்தார்கள். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் ஃபைபர் நாடா ஒட்டினால் சாதாரண மனிதரும் வீட்டுக் கொட்டகையில் படகு செய்துவிடலாம் என்று காட்டியது அது. 70,000-க்கும் மேல் செய்யப்பட்டது. நம் மூத்த ஆசாரியிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "கயிறுக்குப் பதிலா கம்பி. தையல் நம்ம தையல்தானே, சாரே" என்றார்.

மரத்தைப் பற்றித்தான் முதல் விவாதம். நம் மாவட்டத்தில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே, அதையே போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அறைகலனுக்குச் சரி, அதுவும் மருந்தேற்றியிருந்தால். ஈரத்தில் கிடக்கிற பொருளுக்கு அது ஆகாது. பூஞ்சையும் துளைப்பூச்சியும் முதலில் தேடிப்போகும் மரம் அது. கடைசியில் உடம்புக்கு 6 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட் (நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை), விளிம்புச் சட்டத்துக்கு அயினி, முன்முனையான அணியத்தின் உள்மூலைக்குப் புன்னை என்று முடிவானது. புன்னையில் இயல்பாகவே வளைந்த கொம்பு கிடைக்கும். வளைவோடு நாரும் வளைந்து ஓடுவதால், நேர்ப்பலகையில் அறுத்த வளைவைப் போல அது குறுக்கே உடையாது.

ப்ளைவுட் வாங்குவதில் ஏமாந்தோம். முதலில் வாங்கிய பலகையில் ஐ.எஸ். 710 என்ற, மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை இருந்தது. அந்தத் தரத்தில் உள்ள பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக் கூடாது. ஒரு துண்டை வெட்டிக் கிணற்றடியில் விறகடுப்பு மூட்டிக் கொதிக்கவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே புத்தகம் போல விரிந்துவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வேறு கடையில் வாங்கியது இரண்டு நாள் முழுக்கக் கொதித்தும் அசையவில்லை. உறுப்பினர்கள் இதை மட்டுமாவது மறக்கக் கூடாது: முத்திரையை நம்பி அறுக்கத் தொடங்காதீர்கள், முதலில் கொதிக்கவிட்டுப் பாருங்கள்.

தென்மேற்கு மழை பெய்த ஆனி, ஆடி மாதங்களில் வெளியே வேலை செய்ய முடியாததால் அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவு மாதிரி செய்தோம். நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்தப் பகுதியில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தட்டையான தாளை ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளைக்கலாம். உருளையாகவோ கூம்பாகவோ ஆக்கலாம், பந்தாக ஆக்க முடியாது. ப்ளைவுட்டும் அப்படியே. ஆனால் தட்டையான இரண்டு பலகைகளின் ஓரங்களைச் சரியான வளைகோட்டில் வெட்டி, ஓரத்தோடு ஓரம் தைத்து இழுத்தால், படகின் வடிவம் தானே எழுந்து வருகிறது. அச்சு வேண்டியதில்லை. பக்கப்பலகையின் கீழ்க்கோட்டில் எவ்வளவு வளைவு வைக்கிறோமோ அதற்கேற்பப் படகின் அடிப்பாகம் முன்னும் பின்னும் மேலேறும். அட்டையை ஒட்டி நிமிர்த்தியபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முழு அளவில் கோடு போடும்போது கணக்கு மட்டும் போதாது. அளந்த புள்ளிகளில் சிறு ஆணிகளை அடித்து, முடிச்சில்லாத மெல்லிய சட்டத்தை அவற்றோடு வளைத்து வைத்தோம். மூத்த ஆசாரி தரையில் ஒரு கன்னத்தை வைத்துச் சட்டத்தின் நீளத்துக்குப் பார்த்தார். "மூணாவது ஆணி பொய் சொல்லுது" என்றார். அளந்தால் 4 மில்லிமீட்டர் தப்பு. சட்டம் இயல்பாக வளைகிற இடத்தில் காகித அளவு குறுக்கே நின்றால் காகிதத்தை விட்டுவிட வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

இனி, எல்லாரும் கேட்கிற இணைப்பு விஷயம். ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடிதான் வரும், நம் வள்ளம் 14 அடி. ஆகவே இரண்டிரண்டு பலகைகளை நீளவாக்கில் ஒட்ட வேண்டும். முட்டு முட்டாக வைத்து ஒட்டினால் வளைக்கும்போது அங்கேயே மடியும். ஓரங்களைச் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். சாய்வின் நீளம் தடிமனைப் போல் 8 மடங்கு. 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். இரண்டு பலகைகளையும் 48 மில்லிமீட்டர் தள்ளிப் படிபோல அடுக்கி, இழைப்புளியால் ஒரே சீவலில் இரண்டையும் சீவினோம். அப்படிச் சீவும்போது ப்ளைவுட்டின் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். கோடுகள் நேராக, சம அகலத்தில் ஓடினால் சாய்வு சரி. எங்காவது நெளிந்தால் அங்கே பள்ளம். அதற்குத் தனியாக அளவுகோல் தேவையில்லை.

முதல் இணைப்பு உடைந்தது. ஒட்டி இரண்டு நாள் கழித்து வளைத்துப் பார்த்தபோது டப்பென்று விட்டது. பிரிந்த முகத்தைப் பார்த்தால் பசையே இல்லை, மரம் வெறுமையாக இருந்தது. தச்சுப் பசைக்கு இறுக்குவது போல கிளாம்பை முழுப்பலத்தில் முறுக்கியிருந்தோம். நாம் பூசியது எபாக்சி, ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்தால் கெட்டியாகும் பசை. அதற்கு அது ஆகாது, மெல்லிய பசைப்படலம் உள்ளே தங்க வேண்டும். அதுபோக, காய்ந்த மரம் முதலில் பூசிய பசையைக் குடித்துவிடுகிறது. முதலில் வெறும் பசையைப் பூசிக் குடிக்கவிட்டு, பிறகு மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய பசையைப் பூசி, தொடுகிற அளவுக்கு மட்டும் இறுக்கினோம். இரண்டாவது இணைப்பின்மேல் இரண்டு பேர் ஏறி நின்றும் விடவில்லை.

இந்த இடத்தில் மூத்த ஆசாரி சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன். "பசை இருக்குன்னு இடைவெளி விடாதீங்க, சாரே. பசை கதவுக்குப் பூட்டு மாதிரி. கதவு முதல்ல பொருந்தணும்." பொருத்தம் பார்க்க அவர் காட்டிய வழி எளிது. ஒரு முகத்தில் கரித்துண்டைத் தேய்த்து, மற்ற முகத்தை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சீவ வேண்டும். மறுபடி தேய்த்து, மறுபடி அழுத்தி. புன்னைக் கொம்பை அணியத்தின் மூலையில் உட்காரவைக்க அவர் பதினொரு முறை இப்படிச் செய்தார். நமக்கெல்லாம் மூன்றாவது முறையே போதும் என்று தோன்றியது. பதினொன்றாவது முறை வைத்தபோது அதை எடுக்க இரண்டு கை தேவைப்பட்டது.

தையல் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே, கையகலத்துக்கு ஒன்றாகத் துளை. மின்கம்பியின் உறையை உரித்து எடுத்த செம்புக் கம்பி. எல்லாவற்றையும் முதலில் தளர்வாக முறுக்கிவிட்டு, வடிவம் சரியான பிறகுதான் இறுக்க வேண்டும். இறுக்குமுன் அணியத்திலும் பின்முனையான அமரத்திலும் ஒவ்வொரு நேர்க்குச்சியைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து பார்த்தோம். இரண்டு குச்சிகளும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நம்முடையதில் அரை விரல் அளவுக்கு முறுக்கு இருந்தது. அப்படியே ஒட்டியிருந்தால் வள்ளம் ஆயுள் முழுக்க ஒரு பக்கமே திரும்பும். குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி இழுத்துச் சரி செய்தபின்தான் உள்மூலைகளில் மரத்தூள் குழம்பைப் பூசினோம். குழம்பு காய்ந்ததும் கம்பியை எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் ஃபைபர் நாடா. பிறகு குறுக்கு வங்கு (உட்சட்டம்) மூன்று வைத்தோம். விளிம்புக்கு ஓர் அங்குல அயினிச் சட்டம் வளைய மறுத்தது. அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்டினால் வளையும், ஆனால் அத்தனை நீளத்துக்கு ஆவிப்பெட்டி நம்மிடம் இல்லை. அரை அங்குலமாகக் கிழித்து, இரண்டாக அடுக்கி ஒட்டினோம். சுலபமாக வளைந்தது.

எபாக்சி பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஹார்டனர் கலந்த பசையைக் குவளையில் நிறைய வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். நம் தம்பி ஒருவர் கையில் அப்படி ஆனது, நல்லவேளையாக மணலில் எறிந்துவிட்டார். கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றுங்கள். இரண்டாவது, மழைக்காலம். நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே. ஐப்பசி ஈரத்தில் காய்ந்த பசையின்மேல் மெழுகு போல ஒரு படலம் வந்தது. அது தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் மேற்பரப்பு முழுக்க இழுபட்டு, அடுத்த பூச்சு பிடிக்காது. ஒரு பக்கம் முழுவதையும் அப்படிக் கெடுத்து, மீண்டும் சுரண்டினோம். மூன்று வாரம் போனது.

மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயோ புன்னை எண்ணெயோ பூச வேண்டாமா என்று பலர் கேட்டார்கள். பலகை வள்ளங்களைக் காப்பாற்றிய எண்ணெய்கள்தான் அவை. ஆனால் எண்ணெய் குடித்த மரத்தில் எபாக்சி பிடிக்காது. எபாக்சிமேல் வெயில் நேரே பட்டாலும் நாளடைவில் மாவாகிவிடும், அதனால் பெயின்ட் அவசியம். மூத்த ஆசாரியின் மனம் நிறைய, துடுப்புகளுக்கு மட்டும் புன்னை எண்ணெய் பூசினோம். இரும்புத் திருகாணி ஒன்றுகூடப் பயன்படுத்தவில்லை. எல்லாம் உப்புநீரைத் தாங்கும் 316 வகை எவர்சில்வர். இருக்கைகளுக்கு அடியில் இரண்டு காற்றறைகளை அடைத்து மூடியிருக்கிறோம், கவிழ்ந்தாலும் வள்ளம் முழுகாது.

மாசி மாதம் மணக்குடி காயலில், பழையாறு கடலோடு சேரும் பொழிக்குச் சற்று உள்ளே, அமைதியான நீரில் இறக்கினோம். முதலில் மணல் மூட்டைகள், பிறகு உயிர்க்காப்பு உடை அணிந்து இரண்டிரண்டு பேர். அமரப்பலகையின் கீழ்மூலையில் ஒரு துளி கசிந்தது. கரி தேய்த்துப் பார்க்காமல் நான் அவசரமாகப் பூசிய மூலை அது. கரையேற்றிச் சுரண்டி மறுபடி செய்தாயிற்று. அன்று மூத்த ஆசாரி தன் பேத்தியை முன்னால் உட்காரவைத்து, அலையாத்திச் செடிகள் வரை துழாவிப் போய்த் திரும்பினார். கரையில் நின்ற நாங்கள் யாரும் பேசவில்லை.

தன் வீட்டுச் சாய்ப்பை (ஒட்டுக்கொட்டகையை) எட்டு மாதம் நமக்கு விட்டுத்தந்து, தேங்காயை வராந்தாவில் குவித்துக்கொண்ட தக்கலை உறுப்பினருக்கும், ஞாயிறுதோறும் கஞ்சியும் பயறும் தந்த அவர் வீட்டாருக்கும் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. கட்டுவள்ளம் தைக்கத் தெரிந்த கைகள் நம் கரையில் மிகக் குறைவு. அவர்கள் இருக்கும்போதே அருகில் உட்கார்ந்து, துளையின் இடைவெளி முதல் முடிச்சு வரை அளந்து எழுதி, மூன்றடி மாதிரி ஒன்றைத் தைத்து வைக்க வேண்டும். வள்ளத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஊருக்கு ஊர் வழங்கும் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் விளையில் (தோட்டத்தில்) ஒரு புன்னையோ அயினியோ நட வேண்டும். கன்றுகளைச் சங்கமே வாங்கித் தரும்.

வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். வீணான ப்ளைவுட்டின் செலவு அதில் தனி வரியாக இருக்கிறது. தேநீர் இடைவேளையில் வள்ளத்தின் உள்மூலைகளைத் தடவிப் பாருங்கள். துடுப்புகளில் எண்ணெய் இன்னும் காயவில்லை, அவற்றை மட்டும் தொட வேண்டாம்.