கழுத்து வலியோடு வரும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

தசைகளையும் மூட்டுகளையும் கையாலேயே இளக்கி அசைவைக் கூட்டும் ஆஸ்டியோபதி முறையில்தான் நாங்கள் சிகிச்சை தருகிறோம். அதைப் பற்றிக் கொஞ்ச நாளாக இரண்டு கேள்விகள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, "வீடியோவில் எல்லாம் கழுத்தைத் திருப்பினால் டக்கென்று சத்தம் வருகிறதே, நீங்கள் ஏன் அப்படி நெட்டி எடுத்துவிடுவதில்லை?" இன்னொன்று, "பதினைந்து சிட்டிங்குக்குப் பேக்கேஜ் போட்டுக் கொடுங்களேன், மொத்தமாகக் கட்டிவிடுகிறேன்." சிகிச்சை நேரத்தில் இதற்கெல்லாம் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரிப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்ப்பவர்கள். தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் பாதிப்பேர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "அங்கதான், அங்கேயேதான்." கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து இறங்கி அந்த மூலையில் வந்து ஒட்டும் ஒரு தசை இருக்கிறது. தோளைத் தூக்குவது அதன் வேலை, தலை முன்னால் சரியாமல் பிடித்துக்கொள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ, அது முன்னால் நீள நீளப் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கவேண்டிய பாரம் கூடிக்கொண்டே போகும். 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ என்று எல்லோரும் அனுப்பும் படம் உங்களுக்கும் வந்திருக்கும். அது 2014இல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய கழுத்து மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு, யார் கழுத்திலும் அளந்து பார்த்ததல்ல, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குனிவதற்குத்தான் கழுத்து இருக்கிறது. குனிந்தபடியே, அல்லது நேராகவே கூட, அசையாமல் மூன்று மணி நேரம் இருப்பதுதான் சிக்கல். தசை விடாமல் இறுகியே இருந்தால் உள்ளே ரத்த ஓட்டம் குறையும், வலி அங்கிருந்து கிளம்பும், சிலருக்குப் பிடரி வழியாக ஏறித் தலைவலியாகவும் மாறும்.

சரி, ஆஸ்டியோபதி என்றால் என்ன? அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874இல் முன்வைத்த முறை இது. 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் இதற்கு முதல் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை உள்ள முழு மருத்துவர்கள். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள்தான் இந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியும். நம் ஊரில் பெரும்பாலும் பிசியோதெரபி படித்தவர்கள் கூடுதலாகப் பயிற்சி எடுத்துச் செய்கிறோம். ஆகவே எங்கே போனாலும், எங்களிடம் வந்தாலும், கை வைக்கிறவர் என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கழுத்து வலி என்று வந்தாலும் கழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. முதுகின் மேல்பகுதி, விலா எலும்புகள், தோள் மூட்டு, நெஞ்சுத் தசை எல்லாம் எவ்வளவு அசைகின்றன என்று பார்ப்போம். நடுமுதுகு பலகை மாதிரி விறைத்திருந்தால் அது செய்யவேண்டிய திருப்பத்தையும் கழுத்தே செய்கிறது, அதனால் முதல் தடவை பாதி நேரம் முதுகில்தான் போகும். அப்புறம் கழுத்துக்கு வருவோம். தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எங்கள் கைக்கு எதிராக மெதுவாகத் தள்ளச் சொல்வோம், ஐந்து வினாடி கழித்துத் தளர்த்தச் சொல்வோம், தளர்ந்ததும் இன்னும் கொஞ்சம் திருப்புவோம். இன்னொரு முறையில் வலிக்கும் புள்ளியில் விரல் வைத்து, எந்த நிலையில் வலி குறைகிறதோ அந்த நிலையிலேயே ஒன்றரை நிமிடம் அப்படியே தாங்கிப் பிடிப்போம். பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், சத்தமும் வராது, ஆனால் எழுந்து உட்கார்ந்து தலையைத் திருப்பினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இப்போது அந்த டக் சத்தம். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென அழுத்தம் குறைந்து ஒரு வாயு இடைவெளி உண்டாகிறது. விரல் சொடக்கு எடுக்கும்போது இது நடப்பதை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. வைத்து நேரடியாகவே படம் பிடித்தார்கள். சத்தம் வந்தால் வலி போகும், வராவிட்டால் போகாது என்பதெல்லாம் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அபூர்வமாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். மென்மையான வழியிலேயே பலன் கிடைக்கும்போது அந்த ஆபத்தை உங்கள் தலையில் ஏற்ற எங்களுக்கு விருப்பமில்லை. அதே காரணத்தால், முடிவெட்டும் கடையில் கடைசியாகக் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு திருப்புவார்களே, அதைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேக்கேஜ் விஷயம். எங்கள் கை வேலை வலியைக் குறைக்கும், அசைவைக் கூட்டும், ஆனால் அது மட்டுமே நின்று நிலைக்காது, சில நாள் அல்லது சில வாரம் என்றுதான் சொல்ல முடியும். அந்த இடைவெளியில் நீங்கள் தசையைப் பலப்படுத்தினால்தான் அடுத்த மாதம் இதே வலியோடு வரமாட்டீர்கள். டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ரப்பர் குழாயைக் காலடியில் மாட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. ஒரு குழு தினம் 2 நிமிடம், இன்னொரு குழு 12 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், பத்து வாரம். இரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்தது. இரண்டு நிமிடம் நம் எல்லோரிடமும் இருக்கிறது! அந்த ரப்பர் குழாயை எந்த விளையாட்டுப் பொருள் கடையிலும் வாங்கலாம், எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்றில்லை. மூன்று நான்கு தடவை வந்தும் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் மருத்துவரிடம் அனுப்புவோமே தவிர, ஐந்தாவதுக்கு நாள் குறிக்க மாட்டோம். முன்பணம் வாங்கிவிட்டால் அதை மனசாட்சியோடு சொல்ல முடியாமல் போய்விடும், அதனால்தான் பேக்கேஜ் இல்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" (கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பது) என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானில் எந்த அறிகுறியும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது. இருபது வயதுக்காரர்களில்கூடப் பெரும்பாலோருக்கு இருந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

மேசையில் என்ன மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு: லேப்டாப்பை அப்படியே வைத்து நாள் முழுக்க வேலை செய்யாதீர்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி நான்கு தடிப்புத்தகங்களின் மேல் ஏற்றி, கீபோர்டையும் மௌஸையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். நம்பர் பேட் உள்ள நீளமான கீபோர்டு மௌஸை வலதுபக்கம் வெகுதூரம் தள்ளிவிடுகிறது, வலது தோள் மட்டும் வலிக்கிறது என்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் அதிகம் பார்ப்பது நேர் எதிரில் இருக்கட்டும். மேலே தூரப் பார்வைக்கும் கீழே வெள்ளெழுத்துக்கும் என்று ஒரே கண்ணாடியாகப் போட்டவர்களுக்கு மட்டும் விதி வேறு: அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்கத் தாடையைத் தூக்குவார்கள், அவர்களுக்குத் திரை இன்னும் கீழே இருக்க வேண்டும். மற்றபடி அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், விலை உயர்ந்த நாற்காலியைவிட அது உதவும்.

ஆனால் சிலவற்றுக்கு எங்களிடம் வராதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை, காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறது, வண்டியிலிருந்து விழுந்த பிறகு வலி என்றால் தாமதிக்கக் கூடாது. இதுவரை வராத மாதிரி திடீர்க் கழுத்து வலியோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் வந்தாலும் அப்படியே. இடது தோளும் தாடையும் வலித்து வியர்த்துக் கொட்டினால் அது கம்ப்யூட்டர் வலி என்று முடிவு கட்டாதீர்கள், மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108ஐ அழையுங்கள்.

முதல்முறை வருகிறவர்கள் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது, உங்களுக்குத் தெரியாமல், வீட்டில் யாரையாவது பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தெரிந்து எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள், அது எங்களுக்குப் பயன்படாது. கூடவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும், பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கழுத்தும் முதுகும் பார்க்கவேண்டி இருப்பதால் தளர்வான உடையில் வந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் சிகிச்சை மையத்தார்