நால்வர் விடுதலையானதால் அந்த வழக்கு தோற்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சித் தலைவர்கள் மீது 1985-இல் நடந்த வழக்கை வைத்து எடுக்கப்பட்ட திரைப்படம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படத்தைப் பாராட்டியிருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரில் நான்கு பேர் விடுதலையானதையும், விமானப்படைத் தளபதி அகோஸ்தி நாலரை ஆண்டுச் சிறையோடு தப்பியதையும் சுட்டிக்காட்டி, நீதிமன்றம் கடைசி நேரத்தில் தயங்கிவிட்டதாகக் கட்டுரையாளர் முடித்திருப்பதை, ஈரோடு மாவட்ட நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற என்னால் ஏற்க முடியவில்லை.

1976 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்த முப்படைத் தளபதிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் 1983 வரை அந்நாட்டை ஆண்டார்கள்; எதிரிகள் என்று கருதியவர்களை ரகசிய முகாம்களுக்குக் கடத்தி வதைத்தார்கள், பலர் திரும்பவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பதவியேற்ற அதிபர் அல்ஃபோன்சின், சில நாட்களிலேயே அந்த ஒன்பது பேர் மீதும் வழக்குத் தொடர ஆணையிட்டார். வழக்கு முதலில் போய்ச் சேர்ந்த இடம் ராணுவத்தின் சொந்த உச்ச மன்றம். அந்த மன்றம் மாதக்கணக்கில் இழுத்தடித்து, 1984 செப்டம்பரில், தளபதிகள் பிறப்பித்த உத்தரவுகளில் பிழை காண முடியாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகே குடிமக்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக் கட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

அரசு வழக்கறிஞர் ஸ்ட்ராசேராவும் அவருடைய துணைவர் மொரேனோ ஒகாம்போவும் செய்த முதல் நல்ல காரியம், எல்லாவற்றையும் நிரூபிக்க முயலாததுதான். எழுத்தாளர் சபாத்தோ தலைமையிலான ஆணையம் காணாமல் போனவர்களாக 8,961 பேரைப் பதிவு செய்திருந்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. அவற்றிலிருந்து 709 வழக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்து உடைத்துப் பார்த்தே சரக்கின் தரத்தைச் சொல்வதைப் போல, வெவ்வேறு ஊர்களிலும் வெவ்வேறு முகாம்களிலும் ஒரே விதமாக ஆட்கள் கடத்தப்பட்டு, ஒரே விதமாக வதைக்கப்பட்டார்கள் என்பதை அந்த 709 வழக்குகளே காட்டிவிட்டன. கீழே இருந்தவர்கள் எல்லை மீறினார்கள் என்ற எதிர்த்தரப்பு வாதம் அங்கேயே நொறுங்கியது.

சாட்சிகள் மொத்தம் 833 பேர். 1985 ஏப்ரல் 22-இல் தொடங்கிய விசாரணையில் அத்தனை பேரையும் நான்கு மாதத்திற்குள் கேட்டு முடித்தார்கள் என்பதைப் படித்தபோது, டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக நாள் முழுவதும் தாழ்வாரத்தில் காத்திருந்து, மாலையில் அடுத்த வாய்தாத் தேதியை வாங்கிக்கொண்டு கடைசிப் பேருந்துக்கு ஓடிய நம் ஊர்ச் சாட்சிகள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். அந்தச் சாட்சிகளில் ஒருவர் இயற்பியல் ஆசிரியையான அத்ரியானா கல்வோ. 1977-இல் கர்ப்பிணியாகக் கடத்தப்பட்ட அவர், ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு செல்லப்பட்ட வழியில், கண்ணும் கையும் கட்டப்பட்ட நிலையில், காவல்துறைக் காரின் பின்னிருக்கையில் குழந்தை பெற்றார். கேமராக்கள் சாட்சிகளின் முதுகுப் புறத்திலிருந்தே படம் பிடித்தன. தொலைக்காட்சியில் நாளொன்றுக்குச் சில நிமிடங்கள், அதுவும் ஒலியில்லாமல், காட்டினார்கள். பின்னாளில் அந்தப் பதிவுகள் அழிக்கப்படக்கூடும் என்று அஞ்சி, நீதிபதிகளே 1988-இல் நார்வேக்குப் பிரதிகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். தயங்கியவர்கள் செய்கிற காரியமா இது?

இனி தீர்ப்புக்கு வருகிறேன். முப்படைகளும் கூட்டாகவே ஆண்டதால் எல்லாக் குற்றங்களுக்கும் எல்லோரும் பொறுப்பு என்பது அரசுத் தரப்பின் வாதம். ஆறு நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு படையும் தனித்தனியாகவே இயங்கியது, ஆகவே அவரவர் படை செய்ததற்கு அவரவரே பொறுப்பு என்றார்கள். அந்த அளவுகோலின்படி, டிசம்பர் 9 அன்று தரைப்படையின் விதேலாவுக்கும் கடற்படையின் மஸேராவுக்கும் ஆயுள் சிறையும், தரைப்படையின் வியோலாவுக்கு 17 ஆண்டும், கடற்படையின் லம்ப்ருஸ்கினிக்கு 8 ஆண்டும் விதிக்கப்பட்டன. விமானப்படை மீது நிரூபணமான செயல்கள் குறைவாக இருந்ததால் அகோஸ்திக்குத் தண்டனையும் குறைந்தது. மற்ற நால்வர் மீதும் சாட்டப்பட்டவை நிரூபணமாகவில்லை. அவர்களில் ஒருவரான கால்தியேரி, பிரிட்டனுடனான ஃபாக்லாந்துப் போரை நடத்திய விதத்துக்காக 1986-இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார் என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

தாங்கள் கடத்தியவர்களை எந்த நீதிபதி முன்னும் நிறுத்தாத இந்தத் தளபதிகளுக்கு வக்கீலும் குறுக்கு விசாரணையும் கிடைத்தன. ஆதாரம் போதாத இடத்தில் விடுதலையும் கிடைத்தது. ஒன்பது பேருக்கும் ஒரே தண்டனை எழுதியிருந்தால், வென்றவர்கள் தோற்றவர்களைப் பழிவாங்கினார்கள் என்று அவர்களுடைய ஆதரவாளர்கள் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள். விதேலாவின் ஆயுள் தண்டனைக்குக் கனம் கொடுத்ததே அந்த நான்கு விடுதலைகள்தான் என்பது என் துணிபு.

உண்மையான தயக்கம் நீதிமன்றத்துக்கு வெளியே நிகழ்ந்தது. தீர்ப்பின் 30-ஆம் பத்தி, மண்டல அளவில் பொறுப்பில் இருந்த அதிகாரிகளையும் விசாரிக்க வழிவிட்டது. பாசறைகளில் முணுமுணுப்பு எழவே, 1986-லும் 1987-லும் அரசே இரண்டு சட்டங்களால் அந்த வழியை அடைத்தது. அடுத்து வந்த அதிபர் மெனெம், 1990-இல் விதேலாவுக்கும் மஸேராவுக்கும் மன்னிப்பே கொடுத்துவிட்டார். அந்தச் சட்டங்களை 2003-இல் நாடாளுமன்றம் செல்லாதவையாக்கியது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மீண்டும் தண்டிக்கப்பட்ட விதேலா 2013-இல் சிறையிலேயே இறந்தார்.

அங்கே மேலிருந்து தொடங்கிக் கீழே போக முயன்றார்கள். நம் தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் நடந்தது நேர்மாறு. அது மக்களாட்சியில் நடந்தது, அளவிலும் வேறானது என்பதை அறிவேன். இருந்தாலும் உத்தரவிட்டவர் யார் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. 1992 ஜூன் 20 அன்று அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்து, பழங்குடி மக்களைத் தாக்கி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் 269 பேர் மீது வழக்குப் பதிவாகி, 2011-இல் தர்மபுரி நீதிமன்றம், இறந்துபோனவர்கள் போக எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2023 செப்டம்பரில்தான். அந்த உத்தரவு எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதைத் தங்கள் தர்மபுரிச் செய்தியாளரைக் கொண்டு விசாரித்து, அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
கோபிசெட்டிபாளையம்.